கப்பல் நின்ற ஊர்



ராமேஸ்வரம் போனவர்கள் தனுஷ்கோடியையும் பார்த்திருப்பீர்கள். இருபுறமும் கடல், நடுவில் மணல், ஆங்காங்கே இடிந்த சுவர்கள். ‘இங்கே பார்க்க என்ன இருக்கிறது?’ என்று தோன்றியிருக்கும். ஒரு காலத்தில் வெளிநாடு போகும் நீராவிக் கப்பல்கள் புறப்பட்ட துறை அது!

முன்பெல்லாம் தென்னிந்தியாவிலிருந்து கொழும்பு செல்பவர்கள் தூத்துக்குடியில் கப்பல் ஏறினார்கள். நீண்ட கடல் பயணம் அது. தனுஷ்கோடிக்கும் இலங்கையின் தலைமன்னாருக்கும் இடையே சுமார் 30 கிலோ மீட்டர்தான். 1914 பிப்ரவரியில் பாம்பன் ரயில் பாலம் திறக்கப்பட்டது. மார்ச்சில் கப்பல் போக்குவரத்து தொடங்கியது.

சென்னை எழும்பூரில் ரயில் ஏறினால் தனுஷ்கோடி கப்பல் துறையில் இறங்கலாம். அங்கே கப்பல். தலைமன்னாரில் இறங்கியதும் மறுபடி ரயில். கொழும்பு வரை ஒரே டிக்கெட்! கப்பலோடு இணைந்த ரயில் என்பதால் அதற்கு ‘போட் மெயில்’ என்று பெயர்.

வியாபாரிகள் போனார்கள். தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலி வேலை தேடி ஏழைக் குடும்பங்களும் போயின. மீனவர் ஊரான தனுஷ்கோடியில் ரயில் நிலையம், சுங்க அலுவலகம், தபால் நிலையம், பள்ளிக்கூடம் எல்லாம் வந்தன.

1964 டிசம்பர் 22. நள்ளிரவில் வீசிய புயலில் கடல் ஊருக்குள் புகுந்தது. தனுஷ்கோடியை நெருங்கிக்கொண்டிருந்த ரயிலை அலை அடித்துச் சென்றது. அதிலிருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஊரும் கப்பல் துறையும் அழிந்தன. மக்கள் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது.

சேதமடைந்த பாம்பன் பாலத்தை 46 நாட்களில் சீரமைத்துவிட்டார்கள். தனுஷ்கோடிக்கு மட்டும் ரயில் திரும்பவே இல்லை. பிறகு ராமேஸ்வரத்திலிருந்து ஓடிய கப்பலும் 1980-களில் நின்றுபோனது.

2017-இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்துவிட்டது. தினமும் கூட்டம் கூட்டமாக மக்கள் போகிறார்கள். நீங்களும் போங்கள், படம் எடுங்கள். ஆனால் அந்தச் சுவர்களில் ஏறாதீர்கள், பெயரைக் கிறுக்காதீர்கள், ஒரு கல்லைக்கூடப் பெயர்க்காதீர்கள். அவை உங்களைப் போன்ற பிள்ளைகள் படித்த பள்ளி, வணங்கிய ஆலயம், அப்பாவை வழியனுப்பிய இடம்.

உங்கள் ஊரிலும் பழைய படகுத்துறையோ, சத்திரமோ, ரயில் நிற்காத நிலையமோ இருக்கலாம். இந்த வாரம் தாத்தா பாட்டியிடம் அதைப் பற்றிக் கேட்டு, நோட்டில் எழுதி வையுங்கள். இடிந்த ஊரைத் திரும்பக் கட்ட நம்மால் முடியாது. அதன் கதை தொலையாமல் காப்பாற்ற முடியும், இல்லையா?

அன்புடன்,
ஆசிரியர்