ஓடும் நிரலை நிறுத்தாது ஆராய்தல்

நமது புதுக்கோட்டை மாவட்டத்துக் கண்மாய்களைக் கண்ணுற்றவர்கள், கரையினின்று சற்று விலகி நீரினிடையே இரு கற்றூண்கள் குறுக்குக் கற்களுடன் நிற்பதைக் கவனித்திருக்கக் கூடும். அவை குமிழித் தூம்பின் அடையாளமாம். தூண்களின் அடியில் துளையிட்ட கற்றொட்டி. அதிலிருந்து கரையின் கீழாகச் செல்லும் நீர்வழி. கண்மாய் நிறைந்து ததும்பும் காலத்திலேயே மடை திறப்பவர் நீந்திச் சென்று, மூழ்கி, துளையை அடைத்த கல்லை அகற்றுவர். தூம்பில் கோளாறு என்று கரையை வெட்டி நீர் முழுவதையும் வடித்துவிட்டுப் பார்ப்பார் எவருமிலர். நீர் போயின் அவ்வாண்டு விளைச்சலும் போமன்றோ?

இம்முறையைக் கணிப்பொறி பயிலும் நம் மாணாக்கர்க்கு நினைவூட்டவே இச்சிறு கட்டுரை எழுதலாயிற்று. ஓடிக்கொண்டிருக்கும் நிரல் ஒன்று திடீரென ஸ்தம்பித்து நின்றதும் அவர்கள் செய்வதென்ன? உடனே அதனை மாய்த்து, மறுபடியும் தொடங்குகின்றனர். அது ஓடியதும், “சரியாய்விட்டது” என்று எழுந்து போகின்றனர். யாதொன்றும் சரியாகவில்லை, குற்றத்தைக் கண்ட ஒரே சாட்சி கொலையுண்டது, அவ்வளவே. நிரல் எந்த வரியில் நின்றது, எதற்காகக் காத்திருந்தது, அதன் நினைவகத்தில் என்ன மதிப்புகள் இருந்தன என்பனவெல்லாம் அந்தக் கணத்தோடு அழிந்தன.

சில ஆண்டுகட்கு முன் ஒரு கல்வி நிலையத்தில் கட்டணம் பெறும் நிரல் மூன்று நாட்கள் தொடர்ந்து நண்பகலில் உறைந்துபோயிற்று. மூன்று நாளும் மறுதொடக்கமே மருந்தாயிற்று. பணம் செலுத்தியும் ரசீது பெறாத பிள்ளைகள் வெயிலில் நின்றதை யான் நேரிற் கண்டேன். நான்காம் நாள் இளைஞர் ஒருவர், “யாரும் தொடாதீர்கள்” என்று கூறி, உறைந்து நின்ற அந்த ஓட்டத்தோடு டீபக்கரை இணைத்தார். கால் மணி நேரத்திற்குள் காரணம் வெளியாயிற்று. நிரலின் இரு இழைகள் ஆளுக்கொரு பூட்டைப் பிடித்துக்கொண்டு, மற்றவர் பூட்டுக்காக முடிவின்றிக் காத்திருந்தன. மூன்று நாட்களாக அந்த உண்மை அங்கேயே இருந்தது, கேட்பார்தாம் இலர்.

இதன் வழி கடினமன்று. ஓடும் ஒவ்வொரு நிரலுக்கும், அதாவது ‘பிராசஸ்’ ஒவ்வொன்றுக்கும், இயங்குதளம் ஓர் எண் இடுகின்றது. 1986-இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் எழுதிய ஜி.டி.பி. என்னும் டீபக்கரிடம் அவ்வெண்ணைக் கொடுத்தால் போதும். லினக்ஸில் அது ‘பீட்ரேஸ்’ என்னும் அழைப்பின் வாயிலாகக் கருவை வேண்ட, நிரல் இருந்த நிலையிலேயே நிறுத்தி வைக்கப்படும். பின்னர்ப் பதிவேடுகளையும், நினைவகத்தையும், எந்தச் செயற்கூறு எதனை அழைத்து இந்நிலை எய்திற்று என்னும் அடுக்கையும் படிக்கலாம். படித்து முடித்துப் பிணைப்பை விடுவித்தால் நிரல் விட்ட இடத்திலிருந்து செல்லும்.

வானிலும் இது நிகழ்ந்ததுண்டு. 1999 மே மாதத்தில் நாசாவின் ‘டீப் ஸ்பேஸ் 1’ விண்கலத்தைத் தானே நடத்திய ‘ரிமோட் ஏஜெண்ட்’ என்னும் நிரல், உந்துபொறியை அணைக்க வேண்டிய வேளையில் அணைக்காது நின்றுவிட்டது. கோடிக்கணக்கான மைல் தொலைவிலிருந்த அதனிடமிருந்தே செய்திகளைக் கேட்டுப் பெற்று, இரண்டு செயல்கள் ஒன்றையொன்று எதிர்நோக்கி முடங்கினமையை அறிஞர் கண்டறிந்தனர். மண்ணில் நடத்திய சோதனைகளில் அப்பிழை தலைகாட்டவேயில்லை. அரிதாய்த் தோன்றும் பிழையை, ‘இன்னொரு முறை வரட்டும், பார்ப்போம்’ என்பார்க்கு இதனினும் தக்க விடை யானறியேன்.

ஆயினும் இணைத்த அளவில் நிரல் நின்றுபோகும் என்பதை மறக்கலாகாது. பலர் பயன்படுத்தும் நிரலாயின், நாம் சாவதானமாக ஆராயுந்தோறும் அவர்கள் காத்துக் கிடப்பர். அத்தகைய இடத்தில் ‘ஜிகோர்’ என்னும் கருவியால் நினைவகத்தின் படியொன்றை எடுத்துக்கொண்டு உடனே விலகி, படியை வைத்து ஆராய்வதே மரியாதை.

மற்றொன்றும் உளது. பிறர் நினைவகத்தைத் திறப்பவன் அவர்தம் கடவுச்சொல்லையும் காண்பான். இதனாற்றான் 2010-இல் உபுண்டு 10.10 பதிப்பு முதற்கொண்டு, ஒரு நிரல் தான் தோற்றுவித்த நிரல்களோடு மட்டுமே இணையலாமென்றும், மற்றவற்றிற்கு மேலாளர் அதிகாரம் வேண்டுமென்றும் தடை அமைந்தது. அத்தடையைக் காக்கும் பகுதியின் பெயர் ‘யாமா’. நம்மவர் காதுக்கு யமதர்மன் பெயர் போலவே ஒலிக்கின்றது! மாணாக்கர் சிலர் இடையூறென்று கருதி அதன் மதிப்பைப் பூச்சியமாக்கி, அப்படியே விட்டுவிடுகின்றனர். இஃது எனக்குச் சற்றும் உடன்பாடன்று. தேவைப்படும் வேளையில் உரியவரிடம் அனுமதி பெற்று இணைவதில் இழுக்கொன்றுமில்லை.

நமது ஆய்வுக்கூடத்துக்கு ஒரு வேண்டுகோள். செய்முறைத் தேர்வில் வெற்றுத் திரையை அளித்து நிரல் எழுதச் சொல்வதோடு நில்லாது, ஏற்கெனவே ஓடி உறைந்து நிற்கும் நிரல் ஒன்றை மாணாக்கர் முன் வைத்து, காரணம் யாதென வினவுக. மறுதொடக்கம் செய்தவர்க்கு மதிப்பெண் இல்லையென்று முன்னரே அறிவித்துவிடுக.