வீட்டைப் பறித்துவிட்டு ஒழுக்கம் போதிப்பவர்கள்

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் கிராண்ட்ஸ் பாஸ் என்றொரு சிறு நகரம் உள்ளது. வீடற்ற ஒருவர் அங்கே பொது இடத்தில் போர்வையோ தலையணையோ விரித்துத் தங்கினால் 295 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. கட்டத் தவறினால் தொகை ஏறியது. மீண்டும் பிடிபட்டால் பூங்காவுக்குள் நுழையத் தடை, அதையும் மீறினால் 30 நாள் வரை சிறை என்றிருந்தது. ஒரு கிறிஸ்தவ அமைப்பின் விடுதி அங்கே உண்டு. ஆனால் அதில் இடம் வேண்டுமெனில் வழிபாட்டில் கலந்துகொள்ள வேண்டும், புகைபிடிக்கக் கூடாது. இந்த அபராதச் சட்டங்கள் செல்லும் என்று 2024 ஜூன் 28 அன்று அமெரிக்க உச்சநீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. உறக்கம் உடலின் தேவையே தவிரக் குற்றமல்ல என்று நீதிபதி சோனியா சோட்டோமேயர் தமது மாறுபட்ட தீர்ப்பில் எழுத வேண்டியிருந்தது. உலகின் மிகப் பணக்கார நாட்டின் உச்சநீதிமன்றத்தில் சொல்லப்பட வேண்டிய செய்தியா இது!

அடுத்த ஆண்டு ஜூலை 24 அன்று டிரம்ப் ஓர் ஆணை பிறப்பித்தார். தெருவில் இருப்போரில் மிகப் பெரும்பாலோர் போதைக்கு அடிமையானவர்கள் அல்லது மனநோயாளிகள், எனவே கூடாரங்களை அகற்றுங்கள், விருப்பமின்றியும் சிகிச்சை நிலையங்களில் அடையுங்கள் என்பதே அதன் சாரம். முதலில் வீடு, பிறகு சிகிச்சை என்னும் திட்டங்களுக்கான ஆதரவை நிறுத்தவும் அது வழிசெய்கிறது. இது புதிய சரக்கல்ல. தெருவில் உறங்குவோரில் பலர் தாமே விரும்பி அங்கிருப்பதாக ரீகன் 1984ஆம் ஆண்டிலேயே தொலைக்காட்சியில் பேசியவர்தாம். பொதுவீட்டு வசதிக்கான நிதியை அவரது அரசு வெட்டிச் சாய்த்துக்கொண்டிருந்த காலம் அது. வெட்டியவர் கையில் அரிவாள் இருக்க, விழுந்த மரத்தைக் குற்றம் சொன்ன கதை!

போதைதான் வீடின்மைக்குக் காரணம் என்றால், போதை மிகுந்த இடத்தில் வீடற்றோரும் மிகுந்திருக்க வேண்டும். அளவு மீறிய போதையால் நேரும் மரண விகிதத்தில் பல்லாண்டுகளாக முன்னணியில் நிற்பது மேற்கு வர்ஜீனியா. மூடப்பட்ட நிலக்கரிச் சுரங்கங்களும் வறுமையும் நிறைந்த மாநிலம். ஆனால் அங்கே மக்கள்தொகைக்கேற்ற வீடற்றோர் விகிதம் கலிபோர்னியாவின் விகிதத்தில் கால்வாசியும் இல்லை. ஒழுக்கத்தில் மேற்கு வர்ஜீனியர்கள் விஞ்சிவிடவில்லை. அங்கே வாடகை குறைவு, அவ்வளவுதான். கணினி ஏகபோகங்களின் தலைநகரமான சான்பிரான்சிஸ்கோ வட்டாரத்திலோ வாடகை விண்ணைத் தொடுகிறது.

நூறு பேர் நிற்கும் ரேஷன் கடை வரிசையில் எழுபது பேருக்கே அரிசி இருந்தால், வெறும் பையுடன் திரும்புவோர் யார்? கால் ஊனமுற்றவர், முதியவர், குடித்துவிட்டுத் தாமதமாக வந்தவர். அவர் ஏன் கடைசியில் நின்றார் என்பதற்குக் குடி காரணமாக இருக்கலாம். முப்பது பேருக்கு அரிசி இல்லாமற்போனதற்குக் குடி எப்படிக் காரணமாகும்? முதல் கேள்விக்கான விடையை இரண்டாவது கேள்விக்கு எழுதிவைப்பதே ‘தனிமனிதப் பொறுப்பு’ வாதத்தின் முழு சூட்சுமம்.

கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சான்பிரான்சிஸ்கோ வளாக ஆய்வாளர்கள் 2023இல் வெளியிட்ட ஆய்வில் சுமார் 3,200 வீடற்றோரிடம் தகவல் திரட்டப்பட்டது. வீடிழப்பதற்கு முந்தைய ஆறு மாதங்களில் அவர்களது குடும்பங்களின் இடைநிலை மாத வருமானம் 960 டாலர். அந்த மாநிலத்தில் ஓர் அறைகூட அந்தப் பணத்துக்கு அரிது. மாதம் சில நூறு டாலர் உதவி கிடைத்திருந்தால் வீட்டைக் காப்பாற்றியிருப்போம் என்றே பெரும்பாலோர் கூறினர். தெருவுக்கு வந்தபின் போதைப் பழக்கத்துக்கு ஆளாவோரும் உண்டு. இரவில் உடைமை திருட்டுப் போகாமலிருக்க விழித்திருக்க வேண்டும், குளிரை மறக்க வேண்டும்.

குடியும் போதையும் உழைக்கும் குடும்பங்களை அழிக்கும் கேடு என்பதைக் கம்யூனிஸ்டுகளுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. மதுக்கடைகளுக்கு எதிராகத் தெருவில் நின்று தடியடி பட்டவர்கள் அவர்கள். ஆனால் 1845இல் இங்கிலாந்துத் தொழிலாளர் நிலை குறித்து எழுதிய எங்கெல்ஸ், குடியை மறைக்கவுமில்லை, அதைத் தொழிலாளியின் குணக்கேடாகக் காட்டவுமில்லை. அவர்களை அதற்குள் தள்ளிய வாழ்நிலையையே குற்றக்கூண்டில் ஏற்றினார்.

பொறுப்பு பற்றியே பேசுவோம் என்றால் அதையும் முழுதாகப் பேசலாம். ஆக்ஸிகான்டின் என்னும் வலிநிவாரணியை 1996இல் சந்தைக்குக் கொண்டுவந்தது பர்டியூ ஃபார்மா. மருந்தின் அடிமைப்படுத்தும் தன்மை குறித்துத் தவறான தகவல் தந்ததாக 2007இல் அந்நிறுவனம் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. 2020இல் மீண்டும் ஒப்புக்கொண்டது. உரிமையாளர்களான சாக்லர் குடும்பத்தில் ஒருவர்கூடச் சிறை செல்லவில்லை. பூங்காவில் படுத்தவனுக்கு 30 நாள்!

1998இல் கிளிண்டன் கையெழுத்திட்ட வீட்டுவசதிச் சட்டத்தின் பெயரிலேயே ‘பொறுப்பு’ என்ற சொல் உண்டு. அரசு வீடுகளின் எண்ணிக்கை 1999 அக்டோபர் அளவைத் தாண்டக் கூடாது என்று அதே சட்டம் உச்சவரம்பு விதித்தது. வாடகை உதவி பெறத் தகுதியுள்ள குடும்பங்களில் நான்கில் ஒன்றுக்கே இன்று அது கிடைக்கிறது. மறுபுறம், வீட்டு உரிமையாளர்களின் ரகசிய வாடகைத் தகவல்களை மென்பொருள்வழி ஒன்றுசேர்த்து வாடகையை உயர்த்த உதவியதாக ரியல்பேஜ் நிறுவனத்தின்மீது 2024 ஆகஸ்டில் அமெரிக்க நீதி அமைச்சகமே வழக்குத் தொடுத்தது. உச்சநீதிமன்றத் தீர்ப்பு வந்த ஒரு மாதத்துக்குள் கூடாரங்களை அகற்ற உத்தரவிட்ட கலிபோர்னிய ஆளுநர் நியூசம், டிரம்பின் எதிர்க்கட்சியான ஜனநாயகக் கட்சிக்காரர். மூலதனத்தின் இரு கட்சிகளும் வீட்டுப் பிரச்சனையில் ஒரே துடைப்பத்தைத்தான் கையில் வைத்திருக்கின்றன. 2020இல் டிரம்ப் வருகைக்காக அகமதாபாத்தில் குடிசைகளை மறைத்துச் சுவர் எழுப்பியவர்களுக்கும் இந்தத் துடைப்பம் பழக்கமானதே.

இதே அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களிடையே வீடின்மை 2010க்கும் 2024க்கும் இடையே பாதிக்கும் கீழே இறங்கியது. போரின் மனக்காயமும் குடியும் போதையும் அவர்களிடம் குறைவல்ல. அவர்களுக்கு மட்டும் வாடகை உதவிச் சீட்டுகளும் மருத்துவமும் சேர்த்து வழங்கப்பட்டன. நாடு முழுவதுமோ 2024 ஜனவரிக் கணக்கெடுப்பில் வீடற்றோர் 7,71,480 பேர். ஒரே ஆண்டில் 18 சதவீத உயர்வு.

பின்லாந்து 2008 முதல் குடியை நிறுத்தினால்தான் வீடு என்ற நிபந்தனையைக் கைவிட்டு, முதலில் வாடகை ஒப்பந்தத்தையும் சாவியையும் கையில் கொடுத்தது. அங்கே வீடற்றோர் எண்ணிக்கை குறைந்து 2023இல் 3,429 ஆனது. பிறகு, வலதுசாரி அரசு வீட்டு வாடகைப் படியை வெட்டியது. 2024இல் எண்ணிக்கை 3,806 ஆக ஏறியது. பின்லாந்துக்காரர்களின் மனவுறுதி அந்த ஓராண்டில்தான் திடீரெனத் தளர்ந்ததா?