சாட்சி சொல்லாத கொக்கு

காஞ்சீபுரத்துக்குப் பட்டுப் புடவை எடுக்கப் போகும் சகோதரிகள் சுங்குவார்சத்திரத்தை பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்திருப்பீர்கள். சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை அங்கே பஸ்ஸுக்குக் காத்திருந்தேன். பக்கத்தில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். இருபத்திரண்டு வயது இருக்கும். நான் பத்திரிகையில் வேலை பார்க்கிறேன் என்று தெரிந்ததும் அவள் முகம் மலர்ந்தது.

"எங்க அம்மா உங்க தொடர்கதையெல்லாம் வெட்டி வெச்சு பைண்டு பண்ணுவாங்கக்கா" என்றாள்.

அந்த ஒரு வார்த்தையில் சிநேகம் பிறந்துவிட்டது. அரை மணி நேரத்தில் அவள் சொன்னதைத்தான் இந்த வாரம் உங்களிடம் சொல்லப் போகிறேன். ஊர், வேலை, அடையாளம் எல்லாவற்றையும் மாற்றிவிட்டேன். யாராக இருக்கும் என்று ஆராய வேண்டாம், யாரும் அகப்படமாட்டார்கள்.

முதலில் அந்தப் பிரதேசத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஸ்ரீபெரும்புதூர் என்றால் ராமானுஜர் அவதரித்த தலம் என்றுதான் நம் பாட்டிமார்களுக்குத் தெரியும். சுற்றிலும் ஏரியும் வயலும். 1990-களின் பிற்பகுதியில் பக்கத்து இருங்காட்டுக்கோட்டையில் கார் தொழிற்சாலை வந்தது. பிறகு செல்போன் தொழிற்சாலைகள். ஒரகடத்தில் காரும் லாரியும் மோட்டார் சைக்கிளும். வேலைக்கு வந்தவர்களில் ஆயிரக்கணக்கானோர் இளம்பெண்கள். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் திறக்கப்பட்ட விடுதியில் மட்டும் 18,720 பெண்கள் தங்கலாம். அந்தக் கட்டடம் நிறைந்தால், 'என் பெண் சாப்பிட்டாளா, தூங்கினாளா?' என்று எங்கோ கவலைப்படும் வீடுகள் 18,720 என்று கணக்கு!

இந்தப் பெண்கள் வாயில்லாப் பூச்சிகள் அல்ல. 2021 டிசம்பரில், விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் தோழிகள் ஆஸ்பத்திரியில் படுத்தபோது, சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்து நியாயம் கேட்டவர்கள். சோற்றுக்காக அவ்வளவு பேர் அறியக் குரல் கொடுக்கத் தெரிந்தவர்களுக்கு, வேறு ஒரு விஷயத்தில் மட்டும் குரல் எழும்புவதில்லை. அதுதான் அவள் கதை.

ஷேர் ஆட்டோவில் பழக்கமானான் ஒருவன். ஒரகடம் பக்கம் காண்டிராக்ட் வேலை. மூன்று வாரம் டெலிபோனில் பேச்சு. ஒரு லீவு நாளில் மாமல்லபுரம் போனார்கள். கடல் பார்த்தார்கள், மீன் வறுவல் சாப்பிட்டார்கள், ஒரு விடுதி அறையில் மாலைப் பொழுதைக் கழித்தார்கள். இருட்டுவதற்குள் திரும்பிவிட்டார்கள். அடுத்த வாரம் அவன் ஓசூருக்கு வேலை மாறிப் போனான். அதற்கு அடுத்த வாரம் அவன் டெலிபோன் எடுபடவில்லை. அவ்வளவுதான்.

"ஏமாற்றிவிட்டானா?" என்று கேட்டேன்.

"அப்படிச் சொல்ல முடியாதுக்கா. கல்யாணம் பண்ணிக்கறேன்னு அவர் சொல்லவே இல்லை. நானும் கேக்கலை. இஷ்டப்பட்டுத்தான் போனேன்."

"பின்னே என்ன அம்மா வருத்தம்?"

அவள் கைப்பையின் வாரை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

"மறுநாள் ஷிப்டுக்குப் போனேன். எப்பவும் போல லைன்ல நின்னேன். எல்லாரும் எப்பவும் போலப் பேசினாங்க. ரூம்ல எங்களோட ஆறு பேரு இருக்காங்கக்கா. ஒருத்திகிட்டகூட சொல்ல முடியலை. சொன்னா விடுதி பூரா தெரிஞ்சிடும். நடந்ததே நெஜந்தானான்னு எனக்கே சந்தேகமா இருக்கு."

எனக்குச் சட்டென்று கபிலர் நினைவுக்கு வந்தார். குறுந்தொகையில் இருபத்தைந்தாம் பாட்டு. ஒரு பெண் புலம்புகிறாள்: அவன் என்னோடு கூடிய நாளில் அங்கே வேறு ஒருவரும் இல்லை, அவன் இல்லையென்று சொல்லிவிட்டால் நான் என்ன செய்வேன்? ஓடுகிற தண்ணீரில் மீனுக்காகக் காத்து நின்ற பறவை ஒன்றுதான் பார்த்தது. அந்தக் கொக்குக்கு மீன்மேல் கண். அது எங்கே சாட்சி சொல்லப் போகிறது! ஏறக்குறைய இரண்டாயிரம் வருஷத்துப் பழைய துக்கம், ஷிப்டு பஸ்ஸில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது. ஆனால் கபிலரின் பெண்ணுக்கு ஒரு தோழி இருந்தாள். அந்தப் பாட்டே தோழியிடம் சொன்னதுதான்.

இது ஏதோ நம் ஊர்ப் பெண்களின் பலவீனம் என்று நினைத்துவிடாதீர்கள். அமெரிக்காவில் கார்னெல் சர்வகலாசாலை மாணவர்களிடையே இப்படிப்பட்ட குறுகிய உறவுகளைப் பற்றி ஆராய்ந்து 2014-ல் முடிவை வெளியிட்டார்கள். தன் மனசார விரும்பிப் போனவர்களுக்கும், தனிமைக்காகவோ பிறர் வற்புறுத்தலுக்காகவோ மது மயக்கத்திலோ போனவர்களுக்கும் பின்விளைவு ஒன்றாக இல்லை. மனநிலை கெட்டது இரண்டாவது வகையினருக்குத்தான். 'நான் ஏன் போனேன்?' என்ற கேள்விக்கு ஒரு பெண் தனக்குத்தானே நேர்மையாகப் பதில் சொல்லிக்கொண்டால், பாதி பாரம் இறங்கும் போலிருக்கிறது.

அவனைப் படுபாவி என்று எழுதிவிட்டால் எனக்குச் சௌகரியம். கல்யாணம் செய்துகொள்ளும் எண்ணமே இல்லாமல் வாக்குக் கொடுத்து உறவு கொள்பவனுக்குப் பத்து ஆண்டு வரை சிறை என்கிறது, 2024 ஜூலை முதல் அமலில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதையின் 69-வது பிரிவு. இவன் அந்த வகை இல்லை. ஆனாலும் 'சௌக்கியமா?' என்று இரண்டு வரி அனுப்ப அவனுக்கு மனம் வந்திருக்க வேண்டாமோ? சட்டத்தில் இடம் இல்லாத குற்றங்களும் உலகத்தில் உண்டு.

பஸ் வருகிற சமயத்தில்தான் முக்கியமானதைக் கேட்டாள்.

"வீட்ல மாப்பிள்ளை பாக்கறாங்கக்கா. இதைச் சொல்லிட்டுத்தான் கட்டிக்கணுமா?"

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பஸ்ஸில் ஏறிவிட்டேன். அன்று விட்ட பதிலை இன்று சொல்கிறேன்.

தங்கையே! அது உன் கதை. சொல்வதும் சொல்லாததும் உன் விருப்பம். மாப்பிள்ளை வீட்டாருக்கு நீ பட்ட கடன் அல்ல அது. ஆனால் அதைக் கழுவிக்கொள்வதற்காக அவசரமாகத் தலையை நீட்டாதே. அவசரக் கல்யாணம் எந்த மனப் புண்ணுக்கும் மருந்து இல்லை. நாள் தள்ளிப்போயிருந்தால், அல்லது உடம்பில் ஏதாவது சந்தேகம் இருந்தால், வெட்கப்படாமல் ஒரு டாக்டரம்மாளைப் பார். படத்தைக் காட்டியோ பேச்சைக் காட்டியோ யாராவது மிரட்டினால் ஒரு பைசா கொடுக்காதே. 181 என்ற பெண்கள் உதவி எண்ணைக் கூப்பிடு. தூக்கம் வராமல் நெஞ்சு கனத்தால் 14416-க்கு டெலிபோன் செய். காசு கிடையாது, பெயரைச் சொல்ல வேண்டிய கட்டாயமும் கிடையாது.

இனி, தாய்மார்களுக்கு.

ஜெயகாந்தன் 1966-ல் 'அக்னிப் பிரவேசம்' என்று ஒரு கதை எழுதினார். மழையில் பஸ்ஸுக்கு நின்ற கல்லூரி மாணவியைக் காரில் ஏற்றிக்கொள்கிறான் ஒருவன். அங்கே அவள் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை. ஆகவே இவள் கதை வேறு, அவள் கதை வேறு. ஆனால் பெண் வீடு திரும்பியதும் நடப்பதைப் பாருங்கள். தாய் பதறுகிறாள், அடிக்கிறாள்; பிறகு மகள் தலையில் தண்ணீரைக் கொட்டி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று தேற்றுகிறாள். விஷயம் அந்த முற்றத்தோடு முடிகிறது. 'இப்படியும் ஒரு தாயா!' என்று அன்று பெரிய சர்ச்சை. பிறகு அதே சம்பவத்தை வைத்து 'சில நேரங்களில் சில மனிதர்கள்' என்ற நாவலை எழுதினார். 1972-ல் சாகித்திய அகாதமி பரிசு பெற்றது. அதில் தாய் கூச்சல் போட்டுவிடுகிறாள். ஊருக்குத் தெரிகிறது, அண்ணன் வீட்டை விட்டுத் துரத்துகிறான், கங்காவின் வாழ்க்கையே திசை மாறிப்போகிறது.

அதே மழை, அதே கார், அதே பெண். மாறியது தாய் ஒருத்திதான்.

உங்கள் பெண் போகட்டும் என்றோ, போகக் கூடாது என்றோ நான் சொல்ல வரவில்லை. அதற்கு ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு தர்மம் இருக்கிறது. ஆனால் போய்விட்டு வந்து ஒருநாள் அவள் வாய் திறந்தால், முதல் ஐந்து நிமிஷம் நீங்கள் பேசாமல் இருக்க முடியுமா? 'அடிப் பாவி!' என்ற வார்த்தை நாக்கு நுனிக்கு வரும். அதை விழுங்கிவிட்டு, 'சாப்பிட்டாயா?' என்று கேளுங்கள். மீதியை மறுநாள் பேசலாம்.

அந்தப் பெண்ணிடம் கடைசியாக, "அம்மாவிடம் சொல்லேன்" என்றேன். "ஐயோ, அம்மாவா! கதையில வர்ற பொண்ணுக்காக அழுவாங்கக்கா. எனக்காக அழுவாங்களா, அடிப்பாங்களா, தெரியலையே" என்றாள்.

தொடர்கதையை வெட்டிச் சேர்க்கும் அந்த அம்மாள் இந்தப் பக்கத்தையும் படிப்பார் என்று நினைக்கிறேன். அவர் எந்த ஊர் என்று எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரிய வேண்டாம். உங்கள் பெண்ணிடமிருந்து ஞாயிற்றுக்கிழமை டெலிபோன் வந்தால் மட்டும், கொஞ்சம் நிதானமாகப் பேசிவிட்டு வையுங்கள்.