பயிற்சிக்கு அனுபவம் வேண்டும், பணிக்கு வேண்டாமா?

ஒரு கிலோ எடைகூட இல்லாத குறைமாதக் குழந்தைக்கு ஊசி மருந்தைக் கலந்து அளக்கும்போது தசமப் புள்ளி ஓரிடம் தள்ளிப்போனால், பத்து மடங்கு மருந்து அதன் உடலில் சேர்ந்துவிடும். இந்தக் கணக்கை நள்ளிரவில், மேலும் மூன்று குழந்தைகளைக் கவனித்தபடி போடுபவர் பெரும்பாலும் செவிலியர்தான். பல மருத்துவமனைகளில் அவர் கல்லூரிப் படிப்பை முடித்துச் சில மாதங்களே ஆனவராக இருக்கிறார்.

புதிதாகப் பணியில் சேரும் செவிலியர் முதலில் ஓரிரு ஆண்டுகள் பொது வார்டில் பழக வேண்டும். தீவிர சிகிச்சை, டயாலிசிஸ், புற்றுநோய், அறுவை அரங்கு போன்ற சிறப்புப் பிரிவுகளெல்லாம் அதன் பிறகுதான் என்பது செவிலியர் துறையில் நெடுநாளாக நிலவும் கருத்து. நோயாளியின் முகத்தைப் பார்த்தே நிலைமையை உணரும் பழக்கம் பொது வார்டில்தான் வரும் என்பார்கள் மூத்த செவிலியர்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால், ஆள் பற்றாக்குறை அந்தக் கருத்தை எப்போதோ செல்லாததாக்கிவிட்டது.

இங்கே ஒரு விந்தையைக் கவனிக்க வேண்டும். செவிலியர் பட்டதாரி ஒருவர் முதுநிலைப் படிப்பில் சேர ஓராண்டுப் பணி அனுபவம் கேட்கிறது இந்திய நர்சிங் கவுன்சில். தீவிர சிகிச்சை, பச்சிளங்குழந்தைப் பராமரிப்பு போன்றவற்றில் அது வகுத்துள்ள ஓராண்டுப் பட்டயப் படிப்புகளுக்கும் முன் அனுபவம் எதிர்பார்க்கப்படுகிறது. அதே பிரிவுகளில் வேலைக்கு அமர்த்தப்படுவதற்கு மட்டும் எந்த அனுபவமும் தேவைப்படுவதில்லை. ஆகவே, இளம் செவிலியர்களைச் சிறப்புப் பிரிவுகளுக்கு விரைவில் அனுப்பலாமா என்று விவாதிப்பதில் பொருளில்லை. அவர்கள் ஏற்கெனவே அங்கே இருக்கிறார்கள். யாருடைய துணையுடன் இருக்கிறார்கள் என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

அமெரிக்கச் செவிலியர் கல்வியாளர் பாட்ரிசியா பென்னர், 1984-இல் வெளியிட்ட நூலில் ஒரு செவிலியர் புதியவர் என்ற நிலையிலிருந்து வல்லுநராக வளரும் ஐந்து படிநிலைகளை விளக்கினார். அதில் அதிகம் பேசப்படாத ஒரு கூறு உண்டு. ஒரு பிரிவில் தேர்ந்தவரும் முற்றிலும் பழக்கமில்லாத வேறொரு பிரிவுக்குச் சென்றால் அங்கே மீண்டும் புதியவராகிவிடக்கூடும் என்பதே அது. அனுபவம் அந்தந்தச் சூழலோடு பிணைந்தது. பொது வார்டில் இரண்டாண்டு இருந்தவர் செயற்கை சுவாசக் கருவியின் எச்சரிக்கை ஒலிக்குக் காரணம் கண்டறிய மீண்டும் தொடக்கத்திலிருந்தே கற்க வேண்டியிருக்கும்.

அரசு மருத்துவமனைகளில் இந்தச் சிக்கல் வேறு வடிவம் எடுக்கிறது. டயாலிசிஸ் பிரிவில் பழகித் தேர்ந்த செவிலியர், சுழற்சி முறையிலோ இடமாறுதலிலோ எலும்பு முறிவு வார்டுக்குப் போய்விடுகிறார். அவருடைய இடத்துக்கு வருபவர் முதலிலிருந்து தொடங்குகிறார். எல்லோருக்கும் பணிச்சுமை சமமாகப் பகிரப்பட வேண்டும் என்ற நியாயத்தில் பிறந்த ஏற்பாடுதான் இது. ஆனால், அதற்கான விலையை நோயாளி தருகிறார். 2020-இல் கரோனா வந்தபோது, கருவிகளை வாங்க முடிந்தது, படுக்கைகளைக் கூட்ட முடிந்தது. அவற்றுக்கேற்பத் தீவிர சிகிச்சையில் தேர்ந்த செவிலியர்களை உடனே உருவாக்க முடியவில்லை. சில நாள் பயிற்சியோடு பலர் களத்தில் இறக்கப்பட்டனர்.

என்ன செய்யலாம்? இளநிலைப் படிப்பின் புதிய பாடத்திட்டத்தில் எட்டாவது பருவம் முழுவதும் மருத்துவமனைப் பயிற்சிக்கு ஒதுக்கப்பட்டுள்ளது. மாணவி விரும்பும் சிறப்புப் பிரிவில் அதன் ஒரு பகுதியைக் கழிக்க இடமளிக்கலாம். பணியில் சேர்ந்தபின், அதே பிரிவில் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை, மூத்த செவிலியர் ஒருவரின் பொறுப்பில் பயிற்சிப் பணி வழங்கலாம். தொடக்கத்தில் தனி நோயாளி இல்லை. பிறகு நிலை சீராக உள்ள ஒருவர். அதன் பிறகே முழுப் பொறுப்பு.

இதில் தடுமாற்றம் வரக்கூடிய இடம் அந்த மூத்த செவிலியர்தான். தீவிர சிகிச்சையில் ஒரு நோயாளிக்கு ஒரு செவிலியர் என்பது கவுன்சிலின் அளவுகோல். ஒருவரே மூவரைப் பார்க்கும் இடத்தில், கூடவே புதியவருக்கும் கற்றுக்கொடுங்கள் என்று சொன்னால், வருகைப் பதிவேட்டில் மட்டுமே பயிற்சி நடக்கும். கற்பிப்பவரின் நோயாளி எண்ணிக்கை குறைய வேண்டும். அந்தப் பொறுப்புக்குத் தனிப்படி வேண்டும். பயிற்சிக்காலம் என்ற பெயரில் குறைந்த சம்பளத்துக்கு ஆள் சேர்க்கும் வழியாகவும் இது மாறிவிடக் கூடாது. அந்த அச்சம் வீண் அச்சமன்று.

பயிற்சி கொடுத்தால் வளைகுடாவுக்கோ பிரிட்டனுக்கோ போய்விடுவார்கள் என்று நிர்வாகங்கள் சொல்கின்றன. பயிற்சி கொடுக்காவிட்டாலும் போகத்தான் செய்கிறார்கள். உச்ச நீதிமன்றத்தின் 2016 உத்தரவைத் தொடர்ந்து அமைக்கப்பட்ட மத்திய அரசின் குழு, ஐம்பதுக்கும் குறைவான படுக்கைகள் கொண்ட தனியார் மருத்துவமனையிலும் மாத ஊதியம் ரூ.20,000-க்குக் குறையக் கூடாது என்றது. 200 படுக்கைகளுக்கு மேல் இருந்தால் அரசு ஊதியத்துக்கு நிகராகத் தர வேண்டும் என்றது. அது பல இடங்களில் இன்னும் பரிந்துரையாகவே நிற்கிறது. அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொண்டு ஆளைத் தக்கவைக்கும் நிர்வாகம், ஊதியத்தைப் பற்றிப் பேசத் தயங்குவது வியப்பில்லை.

படித்தவருக்கு உரிய பணியிடம் இல்லாததும் ஒரு காரணம். முதுநிலை முடித்தவர்களில் பலர் நோயாளியின் அருகிலிருந்து விலகி, கற்பித்தல் பணிக்குச் சென்றுவிடுகின்றனர். தீவிர சிகிச்சைக்கான ‘நர்ஸ் பிராக்டிஷனர்’ என்ற ஈராண்டு முதுநிலைப் படிப்பைக் கவுன்சில் வகுத்தது; படித்து வருபவருக்கு ஏற்ற பதவி பெரும்பாலான மருத்துவமனைகளில் இல்லை. தெலங்கானா இதில் வேறு பாதையில் சென்றது. 2017-இல் அங்கே செவிலியர்களைத் தேர்ந்தெடுத்துப் பேறுகாலப் பராமரிப்பில் பதினெட்டு மாதப் பயிற்சி தந்து, அரசு மருத்துவமனைகளின் பிரசவ அறைகளிலேயே பணியமர்த்தினார்கள். கற்ற இடமும் பணி செய்யும் இடமும் ஒன்றாயின.

1947-ஆம் ஆண்டின் இந்திய நர்சிங் கவுன்சில் சட்டத்துக்கு மாற்றாக, தேசிய செவிலியர், பேறுகாலச் சேவையாளர் ஆணையச் சட்டத்தை 2023-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. மாநில ஆணையங்களுக்கும் அதில் இடமுண்டு. அவை முதலில் கையில் எடுக்கக்கூடியது, அந்த ஓராண்டு அனுபவ விதியைத்தான். மூத்த செவிலியரின் மேற்பார்வையில், பதிவேட்டுடன் முடித்த முதலாண்டுப் பயிற்சிப் பணியைப் பட்டயப் படிப்பின் ஒரு பகுதியாகவே கணக்கில் கொள்ளலாம். இதற்குப் புதிய கட்டடம் எதுவும் தேவையில்லை.