லயத்திலும் யுத்தம் நடந்தது

சரித்திர நாவல் என்றதும் எம்மவர் செவியில் முதலில் ஒலிப்பது குதிரைக் குளம்படியே. அரசனும் இளவரசியும் ஒற்றனும் இன்றிச் சரித்திரம் இல்லை என்ற மயக்கம் வாசகரை மட்டுமன்றி விமர்சகரையும் ஆட்கொண்டுள்ளது. இம்மயக்கம் களையப்படவேண்டும்.

கல்கியின் 'பொன்னியின் செல்வன்' ஈழத்துப் போரையும் பேசுகின்றது. போரால் நலிந்த மக்களிடமே படைக்கு உணவு பெறுதல் தகாது என்பது அதில் அருள்மொழிவர்மனின் நிலைப்பாடு. உயர்ந்த கருத்துத்தான். ஆயின், நலிந்த அம்மக்களின் குரல் எங்கே? அவர்தம் துயர் இளவரசனின் பெருங்குணத்துக்குச் சான்றாவதோடு நின்றுவிடுகின்றது.

வேறு வழி உண்டென்பதை 1972இல் வெளிவந்த ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' காட்டிற்று. இரண்டாம் உலக யுத்தத்தை அது அரண்மனையிலிருந்து நோக்கவில்லை. பிழைக்கச் சென்ற தமிழரிடையே, மெடான், பினாங்கு வீதிகளில் நின்று நோக்கிற்று.

அதே யுத்தம் எமது மலைநாட்டுக்கும் வந்தது. 1944இல் மவுண்ட்பேட்டன் பிரபுவின் தலைமையகம் பேராதனைப் பூங்காவில் அமைந்ததை யாவரும் அறிவர். அந்நாளில், கண்டி - மாத்தளைப் பாதையிலுள்ள அலவத்துகொடவிலும் அயல் தோட்டங்களிலும் வாழ்ந்தோர் என்ன உண்டனர் என்று கேட்டவர் எத்தனை பேர்? 1942இல் பர்மா வீழ்ந்ததும் அரிசி வரவு அற்றது. கூப்பன் அரிசியும் கோதுமை மாவும் அடுப்பை ஆண்டன. மலாயா வீழ்ந்ததும் நேசநாடுகள் இலங்கை றப்பரை நம்பின. மரங்கள் அளவுமீறிப் பால் வெட்டப்பட்டன. வெட்டிய கைகள் யாருடையவை? யுத்தத்தின் தொடக்கத்திலேயே, 1940 ஜனவரியில், கூலி உயர்வு கேட்டுப் போராடிய முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிசாரின் துப்பாக்கிக்குப் பலியானான். யுத்தம் முடிந்து மூன்றே ஆண்டில், 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் தோட்ட மக்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. உழைப்பை ஏற்று உழைத்தவரைத் தள்ளிய இக்கதையினும் பெரிய சரித்திரக் கரு வேறு எது?

'ஆதாரம் இல்லையே' என்பர் சிலர். சோழருக்குக் கல்வெட்டுத் தேடும் நாம், பிரட்டுக்களத்தில் நின்றவரின் நினைவைச் சான்றாக ஏற்கத் தயங்குவது ஏன்? கல்வெட்டு காத்திருக்கும், மனித நினைவு காத்திராது. அக்காலத்தைச் சிறுவராய்க் கண்டோரும் இன்று எண்பதைக் கடந்துவிட்டனர்.

விடுமுறையில் ஊர் செல்லும் மாணவர் ஒவ்வொருவரும் ஒரு முதியவரின் யுத்தகால நினைவையேனும் எழுதிக் கொணர்க. அதன் பின்னரும் ஆதாரம் இல்லை என்று எமது நாவலாசிரியர் கூறட்டும், பார்ப்போம்!