பீரோ சாவி கையில இருந்தா குடும்ப மானம் காப்பாத்தின மாதிரியா?

கொஞ்சம் நீளமான பதிவு. கோபத்துலதான் எழுதுறேன், பொறுத்துக்கங்க.

போன வெள்ளி பூசை முடிஞ்சு அன்னதானக் கூடத்துல பாத்திரம் கழுவிக்கிட்டு இருந்தோம். ஒரு தங்கச்சி வந்து ஓரமா நின்னுச்சு. புருஷனைப் பிரிஞ்சு அம்மா வீட்டுக்கு வந்து அஞ்சு மாசம். பையனை ஒன்றாம் ஆண்டுக்குப் பதியணும். சூராட் பெரானாக் அவர் பீரோவுல. "கையெழுத்துப் போட்டுட்டு எடுத்துக்கோ"ன்னாராம். எதுல கையெழுத்து? வீடும் சேமிப்பும் வேணாம்னு எழுதின ஒரு காகிதத்துல!

பக்கத்துல இருந்த பெரியவர் சொன்னார்: "பொறுமையா இரும்மா. வீட்டுக் கணக்கை வெளிய கேட்டா மானம் போயிடும்." யாரோட மானம் ஐயா? பிள்ளையோட பிறப்புச் சான்றிதழ் அப்பனோட அடகுப் பொருளா?

நானும் யோக்கியன் இல்ல. ரெண்டு வருஷத்துக்கு முன்ன இன்னொரு குடும்பத்துக்குப் பேசப் போனப்ப இதையேதான் சொன்னேன். அந்த அக்காவும் கேட்டுக்கிட்டாங்க. அடகுச் சீட்டு எல்லாம் புருஷன் கையில. தவணை முடிஞ்சு தாலிக்கொடி உட்பட நகை போயிடுச்சு. இன்னைக்கும் அவங்க கோயிலுக்கு வந்தா நான் முகத்தைப் பார்க்கிறதில்ல.

பேக்டரியில சூப்பர்வைசரா இருக்கேன். சம்பளச் சீட்டை வீட்டுக்குக் காட்டாத ஆம்பளைங்களை எனக்கு நல்லாத் தெரியும். அடிப்படைச் சம்பளம் மட்டும்தான் மனைவிக்குத் தெரியும். ஓவர்டைம், போனஸ் எல்லாம் தனிக் கணக்கு. பிரிவுன்னு வந்தா "என்கிட்ட என்னா இருக்கு?"ன்னு கையை விரிப்பாங்க.

1976 ஆம் ஆண்டு திருமண, மணவிலக்குச் சட்டம் என்ன சொல்லுது? வேலைக்குப் போகாம வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கிட்டதையும் பங்களிப்பாத்தான் கோர்ட்டு பார்க்கும், சொத்து பிரிக்கும்போது. ரெண்டு பேரும் ஒத்துப்போய் மனு போட்டாக்கூட பிள்ளைக்கும் மனைவிக்கும் என்ன ஏற்பாடுன்னு காட்டணும். வங்கிக் கணக்கு, இபிஎப் அறிக்கை, வீட்டுக் கடன் பத்திரம் எதையும் பார்க்காம எப்படி ஒத்துப்போறது? கண்ணைக் கட்டிக்கிட்டா? ஒத்துவரலன்னா ஜேபிஎன் சமரசக் குழு இருக்கு, கோர்ட்டு இருக்கு. காகிதத்தைக் காட்டுன்னு கட்டளை போட கோர்ட்டுக்கு அதிகாரம் இருக்கு. நம்ம கமிட்டி மேசைக்கு அது இல்ல. அதை நாம முதல்ல ஒத்துக்கணும்.

இன்னொரு கூத்தும் நடக்குது. கணக்கு கேக்குறது வேற, ஊருக்குக் காட்டுறது வேற. புருஷனோட ஐசி, சம்பளச் சீட்டு, கடன் பாக்கி எல்லாத்தையும் படம் புடிச்சு நம்ம ஆலய வாட்சாப் குழுவுல போட்டாரு ஒரு மச்சான். நியாயம் கேக்குறாராம். ஐசி எண்ணும் வங்கிக் கணக்கும் ஏமாத்துக்காரன் கையில போனா அந்த வீட்டுப் பிள்ளைங்களுக்கும்தானே அடி? வக்கீலுக்குக் கொடுங்க, கோர்ட்டுக்குக் கொடுங்க. தைப்பூச வேலைப் பட்டியல் போடுற குழுவுல எதுக்கு?

தங்கச்சிக்கு ஒண்ணு சொல்லிட்டேன். சூராட் பெரானாக் நகலை ஜேபிஎன்ல தாயே விண்ணப்பிச்சு வாங்கலாம், அந்தக் காகிதத்துல கையெழுத்துப் போடாதே. வக்கீல் வைக்க வசதி இல்லன்னா அரசாங்கச் சட்ட உதவி அலுவலகத்துல போய்க் கேளு. திங்கட்கிழமை என் மனைவி அதுகூட ஜேபிஎன்னுக்குப் போறாங்க.

கமிட்டிக்காரங்களுக்கு என் மேல கோபம் இருந்தா, ஞாயிறு காலையில சமையல் கட்டுலதான் இருப்பேன். நேர்ல வந்து திட்டுங்க.