நோட்டில் எழுதுங்கள்!

அன்புக் குழந்தைகளே,

ஜன்னல், சாவி, அலமாரி – இவை போர்ச்சுக்கீசிய மொழியிலிருந்து தமிழுக்கு வந்த சொற்கள். போர்ச்சுக்கீசியர் குடியேறிய ஊர்களில் ஒன்று, மயிலாப்பூர். அங்குள்ள லஸ் தேவாலயம் கட்டப்பட்டது 1516-ல். ஆங்கிலேயர் சென்னையில் இடம் பெற்றதோ 1639-ல்தான்! 'லஸ்' என்றால் ஒளி.

பல ஆண்டுகளுக்கு முன், கெடாரிலிருந்து மாணவர்களைச் சுற்றுலா அழைத்துச் சென்றேன். பழைய கட்டடம் ஒன்றின் சுவரில் ஒரு மாணவன் ஆணியால் தன் பெயரைக் கீறினான். 'சின்னப் பையன்தானே' என்று விட்டுவிட்டேன். அது என் தவறு. மறுமுறை போனபோது, அதைச் சுற்றிலும் புதிய பெயர்கள்!

விடுமுறையில் ஊர் சுற்றப் போவீர்கள். பார்த்ததையெல்லாம் நோட்டில் எழுதுங்கள், சுவரில் வேண்டாம். நண்பன் கீறினால், என்னைப் போல் சும்மா இருந்துவிடாமல், தடுத்து நிறுத்துங்கள். செய்வீர்கள்தானே?

அன்புடன்,
ஓய்வு பெற்ற ஆசிரியர், கெடார்.